காலி செய்தவர்களின் தொட்டி

நூரியா மேன்ஷனில் அறையைக் காலி செய்தவர்கள் யாரும் முழுசாகப் போய்விட்டதில்லை என்பது, திருவல்லிக்கேணியின் அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெட்டியையும் சுருட்டிய பாயையும் ஆட்டோவில் ஏற்றி, சாவியை மேனேஜர் தணிகாசலத்தின் மேஜையில் வைத்துவிட்டு, மெஸ்காரரிடமும் இஸ்திரிக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, எழும்பூரில் ரயிலேறிப் போனவர் ஊர்போய்ச் சேர்கிற அதே காலை வேளையில், மேன்ஷன் வரவேற்பறையில் இருந்த நாலடி நீள மீன் தொட்டியில் ஓர் இறால் கூடியிருக்கும்.

முதன்முதலில் வந்தது வெயிலுமுத்து. சாத்தூர்க்காரர், ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். பொதுக் குளியலறைக் கண்ணாடியில் காலை நேரத்தில் எப்போதும் நாலு தலை தெரியும் என்பதால், அவர் தினமும் மீன் தொட்டியின் இடது மூலையில் குனிந்து, தண்ணீர்மேல் விழுகிற தன் முகத்தைப் பார்த்துத்தான் தலை வாருவார். கல்யாணம் நிச்சயமாகி அவர் ஊரோடு போன மறுநாள், தணிகாசலம் தன்னுடைய இரண்டு ஏஞ்சல் மீன்களுக்குத் தீனி போட வந்தபோது, அதே இடது மூலையில், விரல் கணு நீளத்துக்கு, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற ஓர் இறால் நின்றுகொண்டு, தன் நீண்ட மீசையை முன்னங்கால்களால் நெற்றியிலிருந்து பின்பக்கமாக வாரி வாரி விட்டுக்கொண்டிருந்தது. வாயில் பிரஷ்ஷோடு ஏழெட்டுப் பேர் குனிந்து பார்த்தார்கள்.

"சார், இது நம்ம வெயிலுமுத்து இல்ல?" என்றான் பதினேழாம் நம்பர் அறை வேதமூர்த்தி.

"அவருதான். அதே மூலை," என்றார் தணிகாசலம்.

அவ்வளவுதான். ஏழு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது என்பதால் எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆள் போகப்போக இறால் வந்தது. நாலு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களுக்கு வரவில்லை. நாலு மாதம் தாண்டியவர்கள் நல்லவரோ கெட்டவரோ, சொல்லிக்கொண்டு போனவரோ சொல்லாமல் போனவரோ, ஒருவர் தவறாமல் வந்தார்கள். அடுத்தவன் சோப்பைத் திருடிக் குளித்த ஒருத்தன் இறாலாக வந்த பிறகும் மற்ற இறால் பிடித்திருந்த பாசித் துணுக்கைப் பிடுங்கித்தான் தின்றான். சேரத் தொடங்கிய பிறகு தெருவே அவற்றோடு பழகிக்கொண்டது. இஸ்திரிக்காரர் துணி கொடுக்க வரும்போது தொட்டிப் பக்கம் பார்த்து "என்னப்பா, சௌக்கியமா?" என்று பொதுவாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்கள் 'என் இறாலைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று கடைசி வரியில் எழுதினார்கள். புதுசாகக் கல்யாணமான பெண்கள், புருஷன் பிரம்மச்சாரியாக இருந்தபோது எப்படி இருந்தான் என்று பார்க்க மெரினாவுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "இப்பவும் இப்படித்தான், மூலையில போய் உக்காந்துக்குவாரு," என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு தாயார் மட்டும் அரக்கோணத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து, பிள்ளை துபாய் போனபின் இங்கேயாவது இருக்கிறானே என்று ஒரு மணிநேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

தணிகாசலத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சொந்தம் என்று சொல்ல அந்த ஏஞ்சல் ஜோடிதான் இருந்தது. உடம்பில் கறுப்புக் கோடு போட்ட, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த மீன்கள். கொளத்தூரில் எஸ்தர் என்ற பெண்மணியிடம் ஐந்து காசு அளவில் வாங்கி வந்து ஆறு வருஷமாக வளர்த்தவை. அவர் கையை நீட்டினால் இரண்டும் மேலே வந்து விரலை உரசும். அந்த மேன்ஷனில் நாற்பது அறைகள், நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள், ஆனால் அவரை எதிர்பார்த்து மேலே வருகிற உயிர் வேறு எதுவும் இல்லை.

அதனால்தான் அந்த மீன்களில் பெரியது ஒருநாள் வெயிலுமுத்துவின் மீசையில் ஒன்றைக் கடித்துத் துப்பியதைப் பார்த்தும் அவர் பார்க்காததுபோல் இருந்தார். பத்து நாள் கழித்துச் சாத்தூரிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. 'மெஸ்ஸில் வியாழக்கிழமை என்ன குழம்பு போடுவார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, தயவுசெய்து எழுதவும்.' தணிகாசலம் 'வத்தக்குழம்பு' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிப் போட்டுவிட்டு, மீன்களுக்குத் தீனியை ஒரு வேளை கூட்டினார். பசி அடங்கினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பதினேழாம் நம்பரில் வேதமூர்த்தியோடு இருந்தவன் இன்னாசி. தூத்துக்குடிக்காரன், வங்கிப் பரீட்சைக்குப் படிக்க வந்தவன். வேதமூர்த்தி கும்பகோணத்துக்காரன், மவுண்ட் ரோட்டில் ஒரு கடிகாரக் கடையில் விற்பனைக்கு நின்றான். அலாரம் வைக்காமல் நாலரைக்கு எழுந்து படிக்கிற இன்னாசியும், கடிகாரக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தினமும் தாமதமாக எழுகிற வேதமூர்த்தியும் ஒரே அறையில் நாலு வருஷம் எப்படி இருந்தார்கள் என்று மேன்ஷனே வியந்தது. இரண்டாவது வருஷம் வேதமூர்த்திக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டான். இன்னாசி விடிகாலையில் கூவம் ஓரம் வரை நடந்து கீழாநெல்லி தேடிப் பிடுங்கி வந்து, மெஸ் அம்மியில் அரைத்து, மோரில் கலந்து கொடுத்தான். அந்த வாரம்தான் அவன் இரண்டு வருஷமாகக் காத்திருந்த பரீட்சை இருந்தது. அவன் போகவில்லை. "அடுத்த வருஷமும் பரீட்சை வைப்பாம்ல, உன்னைய அடுத்த வருஷம் வைப்பானா?" என்று சொல்லிவிட்டு வாந்தி எடுத்த வாளியைக் கழுவப் போனான்.

கடைசியில் வேலை கிடைத்து இன்னாசி திருச்சிக்குப் போனான். மறுநாள் அவன் இறால் வந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து தொட்டிக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து நடந்து எதையோ மனப்பாடம் செய்தது. வேதமூர்த்தி கடைக்குக் கிளம்பும்போது தினமும் அதன் முன்னால் நின்று, "எட்டே முக்காலுடா, லேட்டுடா," என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

இறால் வளர வளரப் பழைய சட்டையை உரித்துப் போடும். உரித்த இரண்டு நாள் உடம்பு பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும். அப்படி இன்னாசி சட்டை உரித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தணிகாசலம் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஐந்து நிமிஷத்தில், பெரிய ஏஞ்சல் அவனைத் தின்றுவிட்டது. கண்ணாடிபோல் உள்ளே யாரும் இல்லாத சட்டை மட்டும் மணலில் கிடந்தது.

அடுத்த வாரம் வங்கி வேலையாகச் சென்னை வந்த இன்னாசி, கையில் பெட்டியோடு மேன்ஷன் படியேறி வந்தான். தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. இன்னாசி அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

"சார், ரெண்டு நாளைக்கு ரூம் கெடைக்குமா? மெட்ராஸ்ல நான் தங்குனதே இல்ல. ஆட்டோக்காரர் இங்கன கொண்டாந்து விட்டாரு."

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து இறங்கி வந்த வேதமூர்த்தி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். இன்னாசி கட்டிக்கொள்ளவும் இல்லை, விலக்கவும் இல்லை. கையைத் தொங்கவிட்டு, பேருந்துக் கூட்டத்தில் இடிபட்டவன்போல் நின்றான்.

"டேய், நான்தான்டா. வேதா."

"மன்னிச்சிருங்க சார், ஆள் மாத்திப் பாக்கீங்கன்னு நெனைக்கேன்."

"நாலு வருஷம் எங்கடா இருந்த நீ?"

"ஊர்லதான் சார். பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன்." இன்னாசி தணிகாசலத்தைப் பார்த்தான். "வேற எங்கயாச்சும் ரூம் இருந்தா சொல்லுங்க சார்."

அவன் படியிறங்கிப் போனான். முகத்தில் எந்தக் குறையும் இல்லை. நன்றாகத்தான் இருந்தான். வேதமூர்த்தி வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்காக ஒரு பரீட்சையையே விட்டான் சார். அது இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றான். அன்றைக்கு அவன் கடைக்குப் போகவில்லை.

மாலையில் மேன்ஷன் கூடியது. ஏஞ்சலைப் பிடித்துக் கடலில் விடு என்றான் ஒருத்தன். கடலில் விட்டால் செத்துவிடும் என்றான் இன்னொருத்தன். இறாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம் என்று இரண்டைக் கோரிப் போட்டுப் பார்த்தார்கள். அவை பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டன, தொட்டித் தண்ணீரில் திருப்பி விட்டதும்தான் நிமிர்ந்தன. யாரும் தணிகாசலத்தைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஏஞ்சலுக்கும் இறாலுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பைச் சொருகி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்கு பஸ் ஏறினார்.

எஸ்தர் வீட்டு மொட்டைமாடி முழுக்க சிமெண்ட் தொட்டிகள். அப்பா விட்டுப்போன தொழிலைத் தனியாளாக நடத்திவந்தார். முழங்கை வரை ஈரம், காதோரம் ஒட்டிய ஒரு பாசி இழை.

"ஏஞ்சலோட இருக்கிற மாதிரி இறால் எதும்மா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"ஏஞ்சலோடயா? சிவப்பு செர்ரி இறால் வெச்சீங்கன்னா ஒரு வாரம் தாங்காது. அமானோன்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பெருசு, அது ஓரளவுக்குத் தப்பிச்சுக்கும், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். ஒரே கணக்குதான் சார். மீன் வாய்க்குள்ள நுழையற எதையும் மீன் விடாது. அது தப்பும் இல்ல. எந்த இறால் வாங்கப் போறீங்க?"

"நான் வாங்கலம்மா. அதுங்களா வருது. ரூமைக் காலி பண்ணிட்டுப் போறவங்க."

எஸ்தர் வலையை அலசி ஓரமாக வைத்தார்.

"எத்தனை பேரு?"

"இருபத்தாறு. இருபத்தேழா இருந்துச்சு."

"அப்ப இறாலைப் பொறுக்கற வேலை உங்களுக்கு இல்ல," என்றார் எஸ்தர். "மீனைத்தான் பொறுக்கணும்."

பிறகு மாடி முழுக்க அவரை அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார். கோல்டு ஃபிஷ் அப்பாவி மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முழுங்கும், வேண்டாம். ஃபைட்டர் மூன்று நாள் சாதுவாக இருக்கும், நாலாம் நாள் அதன் குணம் வரும். இதோ இந்த ராஸ்போரா, வளர்ந்தாலும் விரல் நகத்துக்கு மேல் போகாது, வாயோ கடுகளவு, இதற்கு இறாலைப் பார்த்தால் பயம்தான் வரும். கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேய்கிற இந்தக் குட்டிக் கெளுத்தி ஓட்டோ, அடுத்தவர் விஷயத்தில் தலையிடாது. பாசியைக் கொத்துக் கொத்தாகப் போடுங்கள், சட்டை உரித்தவர்களுக்கு ஒளிய இடம் வேண்டும். "அப்புறம் முக்கியமா ஒண்ணு. மீனுக்குப் புள்ளி நோய் வந்தா கடையில விக்கிற மருந்தைப் பார்க்காம ஊத்திடாதீங்க. செம்பு கலந்திருக்கும். மீன் பொழைச்சுக்கும், உங்க ஆளுங்க போயிடுவாங்க."

தணிகாசலம் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசித் தொட்டி அருகே நின்று, "என் மீனை என்ன பண்ணட்டும்?" என்றார்.

"இங்க கொண்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. யாரு வேணாம்னது?"

ஏஞ்சல் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டி, மடியில் வைத்துக்கொண்டு அவர் கொளத்தூர் போன அன்று, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் "எங்க சார் கொண்டுபோறீங்க?" என்று கேட்டதற்கு, "ஹாஸ்டல்ல சேர்க்கப் போறேன்," என்றார்.

ஒரு மாதம் தொட்டியை மீனே இல்லாமல் விட்டுப் பார்த்தார், இனி எந்த மீனையும் நம்புவதற்கில்லை என்று. ஆனால் இறால்கள் கண்ணாடிபோல இருந்ததால், தெரியாதவர்களுக்கு அது வெறும் தண்ணீர்த் தொட்டியாகத்தான் தெரிந்தது. புதிதாக வந்த ஒரு பையன் சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டு அதில் கழுவப் போனபோது, வேதமூர்த்தி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, "உள்ள இருபத்தாறு பேர் இருக்காங்கடா!" என்று கத்தினான். அடுத்த ஞாயிறே தணிகாசலம் பன்னிரண்டு ராஸ்போராவும் மூன்று ஓட்டோவும் வாங்கி வந்தார். செம்பு நிறத்தில் அவை கூட்டமாகப் போய்வர, அதன்பின் யாரும் அதைக் காலித் தொட்டி என்று நினைக்கவில்லை. யாரும் யாரையும் தின்னவும் இல்லை.

வருஷங்கள் போயின. வேதமூர்த்தி காலி செய்துகொண்டு கும்பகோணம் போய்ச் சொந்தமாகக் கடிகாரக் கடை வைத்தான். அவன் இறால் மதியம் வரை பாசிக்குள் தூங்கியது. ஏஞ்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயதாகி இறந்தன. இறந்த பிறகும் தணிகாசலம் ஞாயிறுதோறும் கொளத்தூர் போனார். எஸ்தர் மீன் வாடை போகாத கையால் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுப்பார், சாப்பிட்டுவிட்டு இவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றிக் கொடுப்பார். அந்த ஞாயிறுகளுக்கு என்ன பெயர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குள் குளிர்பதனம் போட்ட விடுதிகள் வந்தன, வாளியோடு வரிசையில் நிற்க இளைஞர்களுக்கு மனமில்லை, நாற்பது அறையில் பதினொன்றில்தான் ஆள் இருந்தது. ஆனால் தொட்டி நிறைந்திருந்தது. எண்ணூறு பேர். மொட்டைமாடிக் கொடியில் நூறு லுங்கிகள் ஒன்றாகக் காற்றில் அடித்துக்கொண்ட காலமெல்லாம் அந்த நாலடித் தண்ணீருக்குள் நடந்துகொண்டும், நின்றுகொண்டும், மீசையை வாரிக்கொண்டும் இருந்தது.

இருபத்துநாலு வருஷம் கழித்து, ஓர் ஆடி மாதக் காலையில், தலை நரைத்த இன்னாசி படியேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மீன் தொட்டி முன்னால் தோள்மேல் கைபோட்டு நிற்கிற இரண்டு பையன்கள். திருப்பினார். 'நானும் வேதாவும், நூரியா மேன்ஷன்.'

"வீடு மாத்தும்போது என் வீட்டம்மா கண்ணுல பட்டுது. இது என் கையெழுத்து சார். இந்த வேதா யாருன்னு கேக்கா. எனக்குச் சொல்லத் தெரியல. ஒருத்தன் தோள்ல இப்படிக் கைபோட்டு நிக்கணும்னா சும்மாவா?"

தணிகாசலம் எழுந்து நின்றார். இத்தனை வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "என் மீன்தான் சார் உங்களைச் சாப்பிட்டுச்சு," என்றார். "கடிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். பாசத்துல விட்டுட்டேன்." பிறகு நாலு மாதம் தங்கினால் வருகிற இறாலையும் மஞ்சள்காமாலையையும் கீழாநெல்லியையும் விட்டுப்போன பரீட்சையையும் சொன்னார். இன்னாசி அடுத்தவர் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தபடி இருந்தது, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மீன் இருக்கா?" என்றார்.

"செத்துப்போச்சு."

"நல்லா வாழ்ந்துச்சா?"

"வாழ்ந்துச்சு."

"சரி, விடுங்க." தொட்டியைப் பார்த்தார். "எத்தன மாசம் தங்குனா வரும்னு சொன்னீங்க?"

"நாலு."

"வாலண்டரி ரிட்டயர்மெண்ட் வாங்கியாச்சு. பதினேழாம் நம்பர் காலியா இருக்கா?"

கும்பகோணத்துக்குத் தந்தி அடிக்கிற காலம் இல்லை. தணிகாசலம் போன் செய்தார். மூன்றாம் நாள் வேதமூர்த்தி ஒரு தோள்பையோடு வந்து இறங்கினார், கடையை மகளிடம் விட்டுவிட்டு. இந்தமுறை கட்டிக்கொள்ளவில்லை. கைநீட்டி, "வேதமூர்த்தி," என்று அறிமுகம் செய்துகொண்டார். இருவரும் புதிதாகத் தொடங்கினார்கள். முதல் வாரம் சார் போட்டுப் பேசினார்கள். மூன்றாவது வாரம், வாளியை யார் நிரப்புவது என்று சண்டை வந்தது. இரண்டாவது மாதம் வேதமூர்த்திக்குக் காய்ச்சல் கண்டபோது இன்னாசி ராத்திரியெல்லாம் விழித்திருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டார். "முந்தியும் இப்படித்தான் பண்ணுனேனா?" என்று கேட்டார். "முந்தி இதைவிட நல்லாப் பண்ணினடா," என்றார் வேதமூர்த்தி. மாலைகளில் மெரினா வரை நடந்து சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்தார்கள். மறந்துபோன நாலு வருஷம் திரும்பி வரவே இல்லை. இன்னாசி அதைப் பற்றிக் கேட்பதை ஒருநாள் நிறுத்திவிட்டார், இந்த நாலு மாதத்திலேயே பேசுவதற்கு நிறைய இருந்தது. மேன்ஷனில் இருந்த பதினொரு அறைக்காரர்களும் அவர்களோடு சேர்ந்து மாடியில் லுங்கி காயப்போட்டார்கள்.

கார்த்திகையில் நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தன. இன்னாசி சாவியை மேஜைமேல் வைத்தார். தொட்டி முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு, ஆட்டோ ஏறினார். வேதமூர்த்தி எழும்பூர் வரை போய் ரயிலேற்றிவிட்டு, விடிந்ததும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று திரும்பி வந்து பெஞ்சில் படுத்துக்கொண்டார். வழக்கம்போல் விடியும்போது தூங்கிப்போனார்.

தணிகாசலம்தான் முதலில் பார்த்தார். சின்ன இறால் இல்லை. பழைய இன்னாசியைவிடப் பெரிசு, நடை மெதுவு, முதுகில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. ராஸ்போராக் கூட்டம் விலகி வழிவிட்டது. அது மணலில் இரண்டடி நடந்து, நின்று, சுற்றிப் பார்த்து, பாசிக்குள் தூங்குகிற ஒன்றின் பக்கத்தில் போய் அமர்ந்தது.

அப்போது அவர் கைபேசி அடித்தது.

"திருச்சிக்கு வந்து சேந்துட்டேன் அண்ணாச்சி. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"இங்கயும் வந்து சேர்ந்துட்டீங்க சார்," என்றார் தணிகாசலம். "சௌக்கியமா வந்து சேர்ந்துட்டீங்க."

"பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார் இன்னாசி.

தணிகாசலம் தொட்டியைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். "வேதமூர்த்திதான்," என்றார். "இன்னும் எந்திரிக்கல."